நாலு மணிக்காரரும் மூன்றாவது மைக்கும்

ராசா,

நீ கேட்டது ஒரு பக்கம். "அப்பா, ஜஸ்ட் வன் பேஜ். எங்கட குரூப் எப்பிடித் தொடங்கினது, எங்கயெல்லாம் பாடினது, அவ்வளவுதான். ரிசெப்ஷனில நிஷான் வாசிப்பான், பிறகு நாங்கள் ரயில் பாட்டைப் பாடுவம். சவுண்டையும் நீங்களே பாருங்கோ" என்று சொல்லிவிட்டு, நான் ஓம் என்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அது மூன்று கிழமைக்கு முந்திய கதை. இன்றைக்கு வியாழன், நாளை மறுநாள் உன் கலியாணம். குசினி மேசையில் நான் எழுதி வெட்டிய கடதாசிகள் ஒரு கட்டுக் கிடக்கின்றன. அம்மா மரக்கறி வெட்ட இடமில்லாமல் புறுபுறுத்துக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு பக்கம் வரவில்லை, அதற்குப் பதிலாக இது வருகிறது. இதை நேரே நிஷானிடம் கொடுத்துவிடாதே, முதலில் நீ வாசி. பிறகு ஊருக்கே வாசித்துக் காட்டினாலும் நான் மறுப்புச் சொல்லமாட்டேன்.

முதல் வரியிலேயே எனக்குக் குழப்பம் தொடங்கிவிட்டது. நாலு மணிக்காரர் என்றால் என்ன? போன மாதம் குவேக்கர்ஸ் ஹில்லில் ஹரிணி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹரிணியின் அம்மா கேட்டார். "சம்பந்தி, மாப்பிள்ளை ஏதோ மியூசிக் குரூப் வச்சிருந்தாராமே? கச்சேரி மாதிரியா, சர்ச் கொயர் மாதிரியா?" நான் "ஓம்" என்றேன். "எது ஓம்?" என்றார். "ரெண்டும் இல்லை" என்றேன். அவர் "சரிங்க" என்று சொல்லி எனக்கு இன்னொரு வடை வைத்தார். வேறு என்ன சொல்வது? தாளம் டான்ஸ் பாட்டினுடையது, வார்த்தை ஜெபத்தினுடையது, பாதி தமிழ், பாதி இங்கிலீஷ், கீழ்க்குரலில் ஒரு தொங்காத் தீவு நாட்டுப் பையன். வானொலியில் உங்களைப் பேட்டி கண்டவர் 'அர்பன் கொன்டெம்பரரி கொஸ்பெல்' என்றார். நீங்கள் நாலு பேரும் பெரிய ஆட்கள் போலத் தலையை ஆட்டினீர்கள். எனக்கு அந்த மூன்று சொல்லில் கடைசிச் சொல் மட்டும்தான் விளங்கியது.

எப்போது தொடங்கியது என்பதும் எனக்குத் தெளிவில்லை. நீ கராஜ் என்கிறாய். அம்மா பள்ளிக்கூடம் என்கிறார். என்னைக் கேட்டால் அது ஒரு கரோல் சுற்றில் தொடங்கியது. மற்ற நாடுகளில் கரோல் பாடப் போகிறவர்கள் இருட்டில், மெழுகுதிரியோடு, குளிருக்கு நடுங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் இங்கே பென்டில் ஹில்லில் டிசம்பர் வெயிலில், பின்னேரம் ஐந்து மணிக்கு, தொப்பியும் சன்கிரீமும் போட்டுக்கொண்டு வீடு வீடாய்ப் போனோம். கிறிஸ்மஸ் தாத்தா வேடம் போட்டவருக்கு மூன்றாவது வீட்டில் தலை சுற்றி, ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தோம். பெரியவர்கள் எல்லோரும் நிழல் தேடி ஒதுங்கிவிட்டார்கள். பாட யாரும் இல்லை. அப்போதுதான் நீ என் காரின் டிக்கியைத் திறந்து, கீபோர்டை அங்கேயே வைத்து வாசிக்கத் தொடங்கினாய். நிஷான் குளிர்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக் கையால் தட்டினான். கெசியா, உன் வயதுதான், பதினாறு இருக்கும், பழைய பாமாலை ஒன்றை எடுத்து அதை இழுத்து, வளைத்து, எங்கேயோ கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்து வீட்டில் கார் கழுவிக்கொண்டிருந்த தொங்கா நாட்டுப் பையன் தண்ணீரை நிறுத்திவிட்டு வந்து, மதிலில் சாய்ந்தபடி கீழ்க்குரல் பிடித்தான். அவன்தான் சியோனே. அவனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அன்றைக்கு அவன் விட்ட பிழை ஒன்றும் என் காதில் விழவில்லை.

பெயர் எப்படி வந்தது என்பதில் மட்டும் சண்டை இல்லை. எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. வெள்ளைக்காரச் சபை காலையில் ஆராதனை முடித்து, தேத்தண்ணி குடித்து, கதிரைகளை அடுக்கிவிட்டுப் போனபிறகு, பின்னேரம் நாலு மணிக்குத்தான் எங்களுக்குக் கதவு திறப்பார்கள். நாலு மணிக்குப் பாடுகிறவர்கள், அதோடு நாலு பேர். அப்படியே ஒட்டிக்கொண்டது. எங்கள் கராஜில் சுவருக்கு மெத்தையைச் சாத்திவைத்து நீங்கள் முதல் பாட்டைப் பதிவு செய்தீர்கள். சியோனே தமிழ் வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எழுதிக்கொண்டு வருவான். வியர்த்தால் வரி அழிந்துபோகும். ஒருமுறை இரண்டாவது சரணம் முழுவதும் 'ம்ம்ம்' என்றே பாடி முடித்தான். அதைத்தான் சபையில் எல்லோரும் மிகவும் நன்றாக இருந்தது என்றார்கள். அந்தப் பதிவின் கடைசியில் பக்கத்து வீட்டுப் புல்வெட்டும் மெஷின் சத்தம் இருக்கிறது. அதை எடுக்கவேண்டாம் என்று அடம்பிடித்தது கெசியா.

இனி என் பங்கு. நான் ரயில்வேயில் எலெக்ட்ரீஷியன், வயர் பிடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் சபை என்னை மிக்ஸருக்குப் பின்னால் இருத்தியது. ஒவ்வொரு மைக்குக்கும் மேலும் கீழும் தள்ளுகிற ஒரு சின்னக் கட்டை இருக்கிறது, ஃபேடர் என்பீர்கள். அதன் கீழே டேப் ஒட்டி உங்கள் பெயர்களை எழுதுவேன். ஒன்று நீ, இரண்டு நிஷான், மூன்று கெசியா, நாலு சியோனே. எங்கள் சபைகளில் சவுண்ட் பார்க்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு, உனக்குத் தெரியும். முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் அவனுக்கு முதலாளிகள். ஒருவர் திரும்பிக் கையை மேலே தூக்குவார், கூட்டு என்று அர்த்தம். இன்னொருவர் உள்ளங்கையைக் கீழே அமுக்குவார், குறை என்று அர்த்தம். எதைக் கூட்டுவது, யாரைக் குறைப்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பாட்டு நடக்கும்போது எழுந்துபோய்க் கேட்கவும் முடியாது. பதினைந்து வருடம் அந்தக் கைகளைப் பார்த்தே நான் வேலை செய்தேன். கை கீழே போனால் என் கையும் கீழே போகும். அது பழகிவிட்டது.

பிறகு ரயில் பாட்டு வந்தது. பென்டில் ஹில் ஸ்டேஷனில் ஒருவன் ரயிலைத் தவறவிட்டு நிற்கிறான், அவனுக்கு முன்பே வந்து ஆண்டவர் அங்கே காத்திருக்கிறார் என்று நீ எழுதிய பாட்டு. செயற்குழுவில் அதைப் பற்றி இரண்டு கூட்டம் நடந்தது. "ஆண்டவர் என்ன, ரயிலிலயோ வாறார்?" என்று ஒருவர் கேட்டார். "அவர் நடந்து வந்தால் மட்டும் நீங்கள் நேரத்துக்கு வாறீங்களோ?" என்று அம்மா கேட்டார். கூட்டம் அத்தோடு முடிந்தது. உள்ளதைச் சொன்னால், எனக்கு அது ஜெபமா ஆட்டமா என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆனால் அதன் மூன்றாவது சரணத்தைக் கெசியா தனியாகத் தமிழில் எடுக்கும்போது என் கழுத்துக்குப் பின்னால் மயிர் சிலிர்க்கும். நீ நன்றாகப் பாடுவாய் ராசா, உன்னைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நீ பாடினால் சனம் உன்னைப் பார்க்கும். அவள் பாடினால் சனம் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த வித்தியாசம் எனக்கு விளங்கியது. விளங்கியதால் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. அதை இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன்.

மெல்பேர்னில், நோபல் பார்க்கில் நடந்த தமிழ்ச் சபைகளின் கன்வென்ஷனுக்கு உங்களை அழைத்தபோது உனக்கு இருபத்திரண்டு வயது. எட்டுப் பேர் போகிற வானை வாடகைக்கு எடுத்து நான்தான் மெல்பேர்ன்வரை ஓட்டினேன். கெசியாவுக்கு அந்தக் கிழமை தடிமன், மூக்குச் சிந்திக்கொண்டே வந்தாள். அம்மா ஃபிளாஸ்க்கில் கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து வழி முழுக்கப் பருக்கினார். அங்கே ஒரு இசைத் தயாரிப்பாளர் வந்திருக்கிறார், புதிய குரல் தேடுகிறார் என்று யாரோ சொன்னார்கள். அவர் வந்தாரா, அப்படி ஒருவர் இருந்தாரா என்றுகூட எனக்கு இன்றுவரை தெரியாது. மிக்ஸரை அங்குள்ள ஒரு பையன் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கட பிள்ளையளுக்கு நான்தான் பாக்கிறனான்" என்று சொல்லி அவனை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். ரயில் பாட்டில் மூன்றாவது சரணம் தொடங்கியது. கெசியா இரண்டு வரி பாடினாள். அப்போது கன்வென்ஷனை நடத்துகிற மாஸ்டர், நரைத்த மீசைக்காரர், உனக்கு ஞாபகம் இருக்கும், முன்வரிசையில் இருந்து முழுதாகத் திரும்பி, உள்ளங்கையை இரண்டு தரம் கீழே அமுக்கினார். நான் மூன்றாவது ஃபேடரைக் கீழே இறக்கினேன்.

கொஞ்சம் அல்ல, அடிவரை இறக்கினேன். அவளுக்கே கேட்கவென்று முன்னால் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கர்ப் பெட்டியிலும் அவள் குரல் வராமல் போயிற்று. தடிமன், தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்திருப்பாள். முகம் மாறியது. கழுத்து நரம்பு தெரியப் பாடினாள். நீ பின்பாட்டாக மெல்லச் சொல்லிக்கொண்டிருந்த வரி இப்போது மண்டபம் முழுவதும் தனியாகக் கேட்டது. நீயும் அவளுக்குத் தொண்டை போய்விட்டது என்று நினைத்து, உதவியாகத்தான் குரலை உயர்த்தி அந்தச் சரணத்தை எடுத்துக்கொண்டாய். கடைசியில் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். வெளியே தேத்தண்ணிக்கு நிற்கும்போது "உங்கட மகன் காப்பாத்திப்போட்டார்" என்று நாலு பேர் என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். நான் சிரித்தேன். அம்மா மட்டும் வந்து, "என்னப்பா, கெசியாவின்ர மைக்குக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். "பற்றறி போயிட்டுது" என்றேன்.

திரும்பி வரும்போது ஹியூம் ஹைவேயில் பாதி வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினோம். நீங்கள் மூன்று பேரும் உருளைக்கிழங்குச் சிப்ஸ் வாங்க உள்ளே போனீர்கள். அம்மா வானின் பின்சீற்றில் நித்திரை. கெசியா என்னிடம் வந்தாள். பம்பின் பக்கத்தில் நின்று, கையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு, "அங்கிள், நேத்து என்ர மைக் ஒன்லதானே இருந்தது?" என்று கேட்டாள். மனப் பாரத்தோடுதான் கேட்டாள். என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. மைக் ஒன்னில் இல்லை என்று நான் சொல்லியிருந்தால் அவளுக்கு எவ்வளவு நிம்மதி வந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். நான், "மைக் எல்லாம் சரிதான் பிள்ளை. உனக்குத் தடிமன்தானே" என்றேன். "ஓகே அங்கிள்" என்றாள். ஒரே பயணத்தில் இரண்டு பேருக்கு இரண்டு பதில் சொல்லியிருக்கிறேன். அந்த இரண்டையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

மிச்சம் உனக்குத் தெரிந்த கதை, அல்லது தெரிந்ததாக நீ நினைத்துக்கொண்டிருக்கிற கதை. இரண்டு கிழமையில் அவள் விலகினாள். காரணம் சொல்லவில்லை. 'ஷீ ஜஸ்ட் டிச்ட் அஸ்', எங்களைக் கைவிட்டுவிட்டாள் என்று நீ கராஜில் மெத்தையைக் காலால் உதைத்தாய். அவளுடைய சரணத்தை நீ எடுத்துக்கொண்டதால் கோபம் என்று நிஷான் சொன்னான். சியோனே பேஸ் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான், பிறகு வரவில்லை. நீ என்னிடம் கேட்டாய், "அப்பா, நான் அந்த வேர்ஸை எடுத்தது பிழையோ?" என்று. உண்மையைச் சொல்ல எனக்கு அது இன்னொரு சந்தர்ப்பம். நானோ, "அதெல்லாம் இல்லை ராசா, பொம்பிளைப் பிள்ளையள் ஒரு வயசு வந்தால் படிப்பு, கலியாணம் எண்டு போயிடுவினம்" என்றேன். எவ்வளவு கேவலமான பேச்சு. அவள் படித்துக்கொண்டேதான் உங்களோடு ஆறு வருடம் பாடினாள். நீ அதை நம்பினாயா, நம்புவது போல இருந்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப்பிறகு நீ என்னை மிக்ஸர் பக்கம் ஒன்றுக்கும் கூப்பிடவில்லை. நீ இப்போது பிசியோதெரபிஸ்ட், முதுகு வலிக்காரர்களுக்குப் பின்னணியில் யாருடைய பாட்டையோ போட்டுவிடுகிறாய். இந்த முறை நீ கூப்பிட்டபோது சந்தோஷத்தில் அன்றிரவே வயர்களைத் தூசி தட்டி எடுத்துவைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கெசியா இப்போது எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். என் பிரஷர் குளிசையை மாதம் ஒருமுறை அவளிடம்தான் வாங்குகிறேன். வேறு கடைக்குப் போகலாம், தூரமில்லை. இருந்தும் அவளிடமே போய் நிற்கிறேன். "அங்கிள், சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ. உப்பைக் குறையுங்கோ" என்பாள். மெல்லிய குரல். மற்றவர்களோடும் அப்படித்தான் பேசுகிறாள், கவுன்டருக்கு அந்தப்பக்கம் நிற்கிறவர்கள் குனிந்து காதைக் கொடுக்கவேண்டும். முந்தி அவள் அப்படியில்லை, உனக்குத் தெரியும். உன் கலியாணத்துக்கு வருகிறேன், ஆனால் பாடமாட்டேன் என்று உனக்குப் பதில் போட்டாளாமே? 'ஐ வில் கிளாப் ஃபோர் யூ கைஸ்' என்று அவள் எழுதியதை நீ சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, நீ கேட்ட சரித்திரத்துக்குப் படம் தேடி, அம்மாவின் செத்துப்போன போன்கள் கிடக்கிற லாச்சியைத் திறந்தேன். ஒன்றுக்குச் சார்ஜ் ஏறியது. அதில் நோபல் பார்க் வீடியோ இருந்தது. அம்மா இரண்டாவது வரிசை ஓரத்தில் இருந்து எடுத்தது. மூன்றாவது சரணம் தொடங்கியதும் அம்மாவுக்கு ஆசை தாங்காமல் எழுந்து நின்றிருக்கிறார், படம் திடீரென்று உயருகிறது. உடனே முன்வரிசையில் மாஸ்டர் திரும்புகிறார். போனுக்குள் நேரே பார்க்கிறார், அதாவது அம்மாவைப் பார்க்கிறார். உள்ளங்கையை இரண்டு தரம் அமுக்குகிறார். "ஓ, ஸொறி, ஸொறி" என்று அம்மாவின் குரல். படம் கீழே இறங்குகிறது. அடுத்த கணம் ஸ்பீக்கர்ப் பெட்டிகளில் கெசியா இல்லை. அவர் கை காட்டியது அம்மாவுக்கு, ராசா. மறைக்காமல் உட்கார் என்று. அம்மாவிடம் காட்டினேன். "நான் அண்டைக்கே உங்களிட்டைக் கேட்டனான். பற்றறி எண்டீங்கள்" என்றார். பிறகு மூன்று நாள் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார், ஆனால் முகம் பார்க்கவில்லை.

அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை. மாஸ்டருக்கு போன் எடுத்தேன். இப்போது காதுக்கு மெஷின் வைத்திருக்கிறார், உரத்துக் கத்தவேண்டும். அந்தக் கை என்னத்துக்கு, மைக்கையும் சேர்த்துத்தானோ காட்டினீர்கள் என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். "தம்பி, எனக்கு மைக் கிய்க் ஒண்டும் தெரியாது. எழும்பி நிண்டு படம் பிடிக்கிற ஆக்களை நான் விடுறேல்லை. அது ஆரெண்டாலும் இருக்கச் சொல்லுவன்" என்றார். அவ்வளவுதான். சரி, கையைப் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்றே வைத்துக்கொள்வோம். டிரம்ஸைக் குறைத்திருக்கலாம். எல்லாவற்றையும் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஏன் மூன்று? குறைத்த பிறகு பாட்டு முடிய நாலு நிமிடம் இருந்தது. என் விரல் ஃபேடரின் மேலேயே இருந்தது. அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் திரும்ப ஏற்றவில்லை? பழக்கம் என்று ஒரு நாள் எழுதினேன், வெட்டினேன். பதற்றம் என்று எழுதினேன், அதையும் வெட்டினேன். உன் குரல் தனியாக அந்த மண்டபத்தில் கேட்டது, எனக்கு அது இனித்தது. இதை மட்டும் என்னால் வெட்ட முடியவில்லை. ஆனால் அதுதான் முழுக் காரணமா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. ஒரு மனுஷனுக்குத் தன் கை செய்தது ஏன் என்று தெரியாமல் இருக்குமா? எனக்கு இருக்கிறது.

அந்த வீடியோவில் இன்னொன்றும் இருக்கிறது. அம்மா இருந்த ஓரம் கெசியா நின்ற பக்கம். பெட்டியில் அவள் இல்லாமல் போனபிறகு, அந்தச் சின்னப் போனில் அவளுடைய வெறும் குரல் கேட்கிறது. மெல்லியதாக, உன் குரலுக்குப் பின்னால். ஒரு இடத்திலும் சுருதி விலகவில்லை. அந்தக் குரலில் தடிமனும் இல்லை, அடைப்பும் இல்லை. கடைசி வரியை அவள் இழுத்து, வளைத்து, எங்கேயோ கொண்டுபோய், திரும்பக் கொண்டுவந்து வைக்கிறாள்.

இன்று மத்தியானம் மருந்துக்கடைக்குப் போனேன். குளிசை முடியவில்லை, அவளுக்கும் அது தெரிந்திருக்கும், என் கணக்கு அவள் கம்ப்யூட்டரில் இருக்கிறதே. "ஒரு பத்து நிமிஷம் வெளிய வரேலுமோ பிள்ளை?" என்றேன். உன் கலியாண விஷயம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பலசரக்குக் கடைக்கு முன்னால் உள்ள மர வாங்கில் உட்கார்ந்தோம். நான் முதலில் வாயால் சொன்னேன், கை, ஃபேடர், பெற்றோல் ஷெட், எல்லாம். ஒழுங்காகச் சொல்லவில்லை, முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. பிறகு போனைக் கொடுத்தேன். இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். முடிந்தது, திரும்பப் போட்டாள். மூன்று தரம். நான் எதிரே அடுக்கியிருந்த கறிவேப்பிலைக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "செவன் இயர்ஸ் அங்கிள்" என்றாள். "நான் டொக்டரிட்டை எல்லாம் போனனான். தொண்டைக்குள்ள கமெரா விட்டுப் பாத்தவை. ஒண்டுமில்லை எண்டு சொன்னவை. நான் நம்பேல்லை." நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. "என்ர பிரேக் முடிஞ்சுது" என்று எழுந்தாள். கடை வாசலில் நின்று திரும்பி, "அங்கிள், சனிக்கிழமை அதே கீயிலயா பாடப்போயினம்?" என்று கேட்டாள். வீதியில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கேட்டாள். நான், "தெரியாது பிள்ளை" என்றேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது.

பாட்டின் சுருதியைப் பற்றிய அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். சும்மா கேட்டிருக்கலாம். கோபத்தில் வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் கேட்டிருக்கலாம். என் விளக்கங்களை நான் இனி நம்புவதாக இல்லை. நீயே அவளுக்குப் போன் எடுத்துக் கீயைச் சொல். அதற்கு முதல், அவள் உங்களைக் கைவிடவில்லை என்பது உனக்குத் தெரியும் என்று சொல். என்மேல் உனக்கு வருகிற கோபத்தைக் கலியாணத்துக்காகத் தள்ளிவைக்காதே, வருகிறபோது வரட்டும். ஒரு தகப்பன் கலியாணத்துக்குப் போகிற பிள்ளைக்குப் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். இந்தக் கடிதத்துக்குப் பிறகு என்னிடம் புத்தி கேட்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். ஹரிணியோடு இருக்கும்போது யாராவது எங்கிருந்தாவது உனக்குக் கை காட்டினால், அது நானாக இருந்தாலும், என்னத்துக்கு என்று எழுந்துபோய்க் கேள். பாட்டு நின்றாலும் பரவாயில்லை. யாரையாவது குறைத்துவிட்டாய் என்று உனக்கே தெரிந்தால், நாலு நிமிடம் பார்த்துக்கொண்டு இருக்காதே.

சனிக்கிழமை நான் மிக்ஸரில் இருக்கமாட்டேன். ஹரிணியின் தம்பிக்குத் தெரியுமாம், அவனை வைத்துக்கொள். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பேன், அம்மா விட்டால். நாலு மைக்கையும் நான் நாளைக்கு, வெள்ளிக்கிழமை, வந்து பொருத்திவிட்டுப் போகிறேன், புதுப் பற்றறியும் போடுகிறேன். அந்தத் தம்பியிடம் சொல், பாட்டு முடியும்வரை மூன்றாவது ஃபேடரை மேலேயே வைத்திருக்கச் சொல், மைக்குக்கு முன்னால் ஒருவரும் வந்து நிற்காவிட்டாலும்.

உன் குரலைக் கேட்க ஆசைப்பட்டு, மற்றக் குரலை அடைத்த
உன் அப்பா